பக்கத்தடத்தை யாரும் கேட்கவில்லை என்று எழுதினேன்

எமது சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை தருமாறு செயலாளர் கேட்டு மூன்று மாதங்களாகின்றன. புகையிரத வேலையில் சேர்ந்திருக்கும் நம்மவர் பிள்ளைகள் வாசிப்பார்கள், அவர்களுக்கு ஊக்கம் உண்டாகும்படி எழுதுங்கள் என்றார். ஊக்கம் தரும் செய்தி என்னிடம் இல்லை. ஒரு சரக்குப் பாதையைக் காப்பாற்ற முயன்ற செய்திதான் இருக்கிறது. அந்தப் பாதை காப்பாற்றப்படவில்லை. கடந்த வைகாசியில் அதன் தண்டவாளங்களைக் கழற்றத் தொடங்கினார்கள். கழற்றுவதை நேரில் பார்த்துவிட்டு வந்த பின்னரே, திருவருளைத் துணையாக வேண்டிக்கொண்டு, இதை எழுத அமர்ந்தேன்.

தொடக்க காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாரிசின் லாச்சப்பல் பகுதியில் இரண்டு அறைகளில் ஏழு பேராக இருந்தோம். மூன்று ஆண்டுகள் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு தண்டவாள வேலை எடுக்கும் ஒரு குத்தகையாளரிடம் சரளைக் கல் வாரினேன். குடியுரிமை கிடைத்ததும் பரீட்சை எழுதி நிரந்தர வேலைக்கு வந்தேன். சில ஆண்டுகளில் பாதை ஆய்வாளன் ஆனேன். சிவபாதசுந்தரம் என்ற என் பெயரைச் சொல்ல முயன்று களைத்தவர்கள் சிவா என்றார்கள். அதுவும் இறைவன் பெயர்தானே என்று இருந்துவிட்டேன்.

எனக்கு ஒப்படைக்கப்பட்ட பாதை பாரிசுக்குக் கிழக்கே, கோதுமையும் பார்லியும் விளையும் சமவெளியில் கிடந்தது. முப்பத்தெட்டுக் கிலோமீற்றர் நீளம். ஒரு முனையில் பெரிய பாதையோடு சேரும் சந்தி. மறு முனையில் விவசாயிகள் கூட்டுறவின் தானியக் களஞ்சியம். பயணிகள் வண்டி நான் பிறப்பதற்கு முன்னரே நின்றுவிட்டது. வாரத்தில் இரண்டு சரக்கு வண்டிகள், அறுவடைக் காலத்தில் நாளுக்கு ஒன்று. பாதையின் நடுவே ஒரு பழைய நிலையம் இருந்தது. கட்டடத்தை விற்றுவிட்டார்கள், யாரோ குடியிருந்தார்கள். அதன் பின்னால் மட்டும் பாதை இரண்டு தடங்களாகப் பிரிந்து மீண்டும் ஒன்றாகும். அந்த இரண்டாவது தடத்தைப் பக்கத்தடம் என்று இங்கே குறிப்பிடுகிறேன். பிரதான தடத்தை மறிக்காமல் பெட்டிகளை நிறுத்திச் சரக்கேற்ற முப்பத்தெட்டுக் கிலோமீற்றரில் வேறு இடம் கிடையாது. முன்னொரு காலம் அங்கே சீனி ஆலைக்குப் போகும் சீனிக்கிழங்கு ஏற்றினார்கள். நான் போன காலத்தில் அதன் மேல் புல் முளைத்திருந்தது.

லாச்சப்பலிலிருந்து விடியற்காலை நடந்து கார் து லெஸ்ற் நிலையத்தில் முதல் வண்டி எடுத்தால், எட்டு மணிக்குச் சந்தியில் இருக்கலாம். அங்கே எங்கள் பிரிவின் தலைவர் ரெமி நிற்பார். ஒவ்வொருவருக்கும் கை கொடுப்பார். முதல் நாள் சண்டை போட்டவனுக்கும் கை கொடுப்பார். அது முடியாமல் வேலை தொடங்காது. உரத்துப் பேசிக் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடியும்வரை நாங்கள் காத்து நிற்போம்.

பாதை ஆய்வு என்பது நடப்பதுதான். தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகளின் மேல், ஒன்றன்பின் ஒன்றாக. கையில் நீண்ட பிடியுள்ள சுத்தியல், இடுப்பில் ஓர் ஊசி, சட்டைப்பையில் வெண்கட்டியும் குறிப்பேடும். கட்டையைத் தட்ட வேண்டும். நல்ல ஓக் மரம் கணீரென்று பதில் சொல்லும். உழுத்தது தொம்மென்று அடங்கும். ஐயம் வந்தால் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் திருகாணியின் பக்கத்தில் ஊசியை இறக்க வேண்டும். ஊசியில் ரெமி அரத்தால் ஒரு கோடு இட்டிருந்தார். அந்தக் கோடுவரை உள்ளே போனால் கட்டை செத்தது, வெண்கட்டியால் பெருக்கல் குறிபோல் ஒரு புள்ளடி போட வேண்டும். அந்தப் பாதையின் விதிப்படி, அடுத்தடுத்து மூன்று புள்ளடி விழுந்தால் வண்டியின் வேகத்தைப் பாதியாக்க வேண்டும். ஐந்து விழுந்தால் வண்டி போகக் கூடாது.

குறிப்பேட்டைப் பற்றி முதல் நாளே அவர் சொல்லியிருந்தார்.

“நடக்கும்போது பென்சிலால் எழுது. மாலையில் மையால் எழுது. இடையில் உன் மனம் மாறியிருந்தால், மாறியதையும் எழுது.”

அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போயிற்று. சிறு வயது முதல் காலையில் ஒரு பதிகமாவது ஓதாமல் நான் வெளிக்கிடுவதில்லை. தனியே நடக்கும் அந்தச் சமவெளியில் அது எனக்குப் பெருந்துணை. கட்டைக்கு ஒரு சீர் என்று கால் எடுத்து வைத்தால், ஓர் அடி முடியும்போது நான்கு கட்டைகள் கடந்திருப்பேன். பண் கெடாமல் ஓதினால் நடை கெடாது. நடை கெடாவிட்டால் எந்தக் கட்டையும் தப்பாது. பொய் கலவாத வேலை ஒன்றை இறைவன் எனக்குத் தந்திருக்கிறான் என்று அந்நாளில் நினைத்தேன். ரெமியும் அவ்வாறே என்னை நம்பினார். என் பின்னால் வந்து ஒரு கட்டையையும் அவர் மறுபடி தட்டியதில்லை.

எனக்குத் துணையாகக் குத்தகையாளரின் ஆளாக வந்தவன் சின்னராசா. வன்னியிலிருந்து வந்து அதிக காலமாகவில்லை. வாய் ஓயாது.

“அண்ணை, கதவைத் தட்டிறமாதிரியெல்லே தட்டிறியள். உள்ளுக்கை ஆரும் இருக்கினமோ?”

“எறும்பு இருக்கு.”

“அப்ப அதுகளிட்டையே கேளுங்கோ, இன்னும் எத்தினை நாளைக்குத் தாங்குமெண்டு.”

அந்தக் கேள்விக்கு விடை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆண்டுதோறும் புள்ளடிகள் பெருகின. புதிய கட்டைகள் வேண்டுமென்று ரெமி மூன்று தடவை மேலிடத்துக்கு எழுதினார். பரிசீலனையில் இருக்கிறது என்று மூன்று தடவையும் பதில் வந்தது. பயன் குறைந்த பாதைகளை ஒவ்வொன்றாகக் கைவிடும் காலம் அது. கைவிடுகிறோம் என்று எவரும் சொல்வதில்லை. கட்டை கொடுக்காமல் இருந்தால் பாதை தானாகவே நின்றுவிடும்.

ஒரு பங்குனி மாதம், களஞ்சியத்துக்கு முன்னுள்ள வளைவில் அடுத்தடுத்து நான்கு புள்ளடி போட்டேன். ஐந்தாவது கட்டையில் ஊசி கோட்டுக்கு ஒரு நெல்மணியளவு குறைவாக நின்றது. ஆடியில் அறுவடை. அந்த வளைவு அதுவரை தாங்காது. அதைப்போல் இன்னும் பல இடங்கள் இருந்தன. ரெமி என் குறிப்பேட்டை வாசித்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. நடு நிலையத்துக்குப் போவோம் என்று மட்டும் சொன்னார்.

பக்கத்தடத்தின் கட்டைகளை அவர் தாமே தட்டிப் பார்த்தார். கிழங்கு ஏற்றிய காலத்தின் கடைசியில் புதுப்பிக்கப்பட்ட ஓக் மரம் அது. அதன் பின் சுமையே ஏறவில்லை. ஒவ்வொன்றும் மணிபோல் ஒலித்தது. நூற்றெண்பது நல்ல கட்டைகள் எண்ணினோம். அவற்றைக் கழற்றிப் பிரதான தடத்தில் புள்ளடிகளுக்கிடையே ஒன்றுவிட்டு ஒன்றாகச் செருகினால், எங்கும் மூன்று சேர்ந்து நிற்காது. கழற்றிய உழுத்த கட்டைகளைப் பக்கத்தடத்தில் வைத்துவிடலாம். விதிக்கு முரணில்லை. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. பக்கத்தடம் பயனில் இல்லை என்று அதற்குரிய படிவத்தில் முதலில் அறிவிக்க வேண்டும். அதை நிரப்ப வேண்டியவன் பாதை ஆய்வாளன்.

படிவம் ஒரே பக்கம். கடைசிக் கேள்வி இது: வாடிக்கையாளர் எவரேனும் இந்தத் தடத்தைப் பயன்படுத்தக் கேட்டிருக்கிறாரா?

கேட்டிருந்தார். அதுதான் இந்தக் கட்டுரையின் செய்தி.

ஆறு வாரங்களுக்கு முன், ரெமி விடுமுறையில் இருந்தபோது, களஞ்சியத்தின் பொறுப்பாளர் மதாம் கோலெத் தம் சிறிய வண்டியை வயலோரம் நிறுத்திவிட்டுச் சேற்றில் நடந்து எங்களிடம் வந்தார். நானும் சின்னராசாவும் மதிய உணவுக்கு அமர்ந்திருந்தோம். நல்ல உயரம், வெயிலில் காய்ந்த முகம். ஆண்களே நிறைந்த அந்தக் கூட்டுறவில் எடை எழுதும் வேலையில் தொடங்கிப் பொறுப்பாளராக உயர்ந்தவர்.

“முசியே சிவா, பீருக்கு மோல்ற் செய்யும் ஆலை ஒன்று எங்களிடம் பார்லி கேட்கிறது. அவர்களுடைய பார்லியைக் கோதுமையோடு கலக்க முடியாது, தனியாக ஏற்ற வேண்டும். அந்தப் பழைய தடத்தில் பத்துப் பெட்டிகள் நிறுத்த முடியுமா?”

“தடம் நன்றாகத்தான் இருக்கிறது, மதாம்.”

“அப்படியானால் நான் கேட்டேன் என்று ரெமியிடம் சொல்லுங்கள். கடிதம் வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.”

சொல்கிறேன் என்றேன். ரெமி திரும்பி வந்த வாரம் வேறொரு பாதையில் தடம் புரள்வு. அதில் மறந்தேன். வளைவில் நான்காவது புள்ளடியைப் போட்டபோது நினைவு வந்தது. அப்போது அந்த நினைவை நான் விரும்பவில்லை.

படிவத்தோடு சந்தியின் கொட்டகையில் இருந்தேன். சின்னராசா எதிரே இருந்து சப்பாத்துச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

“மதாம் அண்டைக்கு வந்து கேட்டவ எல்லே அண்ணை?”

“கதைச்சவ. கடிதம் ஒண்டும் வரேல்லை.”

“நீங்கள் வேணுமெண்டு சொல்லேல்லையே, பிறகெப்பிடி வரும்?”

நான் படிவத்தை நேராக வைத்துப் பேனாவின் மூடியைக் கழற்றினேன்.

“அப்ப கேக்கேல்லை எண்டு போடப்போறியளோ?”

“கேட்டவ எண்டு போட்டால் கட்டையிலை கை வைக்கேலாது. கட்டை இல்லாட்டி ஆடியிலை வண்டி இல்லை. வண்டி ஒருக்கா நிண்டால் பிறகு விடமாட்டாங்கள். அவவின்ரை கோதுமையும் சேர்த்துத்தான் நிக்கும்.”

அவன் சேற்றைத் தட்டிக் கொட்டினான்.

“நீங்கள் சாமி கும்பிடுற ஆள். நீங்கள் போட்டால் சரியாத்தான் இருக்கும்.”

ரெமி உள்ளே வந்தார். படிவத்தை எடுக்கும் முன் ஒரே ஒரு தடவை கேட்டார்.

“கோலெத் இந்தத் தடத்தைப் பற்றி ஏதாவது கேட்டாரா?”

“இல்லை,” என்றேன்.

பென்சிலால் எழுதவில்லை. நேரே மையால் எழுதினேன். எவரும் கேட்கவில்லை.

பாதையை வாழவைப்பதே முதற்கடன், பக்கத்தடத்தைப் பின்னர் சீராக்கிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாட் காலை வீட்டில் விளக்கேற்றிப் பதிகம் தொடங்கியபோது மூன்றாம் பாட்டில் சொல் வரவில்லை. சிறு வயது முதல் ஓதிய பாட்டு. முதலிலிருந்து தொடங்கினேன். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. வேலைக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிட்டேன்.

மூன்று வாரங்கள் கட்டைகளை மாற்றினோம். திருகாணியைக் கழற்றி, சரளையைத் தோண்டி, கட்டையைப் பக்கவாட்டில் இழுத்து, வண்டியில் ஏற்றி, வளைவில் இறக்கினோம். பக்கத்தடத்தில் உழுத்தவற்றை வைத்து மேலே கல்லைப் பரப்பினோம். தூரத்திலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது.

“பல்லுக் கட்டினமாதிரி அண்ணை,” என்றான் சின்னராசா. “சிரிக்கலாம், கடிக்கேலாது.”

ஆடியில் வண்டிகள் ஓடின. அடுத்த ஆடியிலும் ஓடின. ரெமி இருந்த சந்திக்கு மதாம் கோலெத் வருவதில்லை; என்னை வழியில் காணும்போதெல்லாம் ரெமியின் பதில் என்ன என்று கேட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்றேன். மேலிடம் எங்களுக்குச் சொன்ன அதே சொல்லை அவருக்குச் சொன்னேன்.

இரண்டாம் அறுவடை முடிந்த பின், பாதையின் எதிர்காலம் பற்றிய கூட்டம் சந்தி இருந்த ஊரின் நகரசபை மண்டபத்தில் நடந்தது. மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி மரியாதையானவர். ஒரே ஒரு வாடிக்கையாளருக்காகப் பாதையைப் பேணுவதை நியாயப்படுத்த முடியவில்லை, இரண்டாவது ஒருவர் இருந்தால் பேசலாம், இல்லை என்பதால் வருந்துகிறோம் என்றார்.

மதாம் கோலெத் எழுந்தார்.

“இரண்டாவது ஒருவர் இருந்தார். மோல்ற் ஆலை. அவர்களுக்காக நடு நிலையத்துத் தடத்தை நான் கேட்டேன். பதில் வரவில்லை. சென்ற மாதம் அவர்கள் லொறிகளோடு ஒப்பந்தம் செய்துவிட்டார்கள்.”

அதிகாரி கோப்பைப் புரட்டினார். “தடம் பயனில் இல்லை என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது, மதாம். எவரும் கேட்கவில்லை என்றும் எழுதப்பட்டிருக்கிறது.” பிறகு ரெமியைப் பார்த்தார்.

ரெமி எழுந்து நின்று, தம் வழக்கமான தாழ்ந்த குரலில் சொன்னார்.

“அந்தப் படிவத்தை நிரப்பியவர் என் ஆய்வாளர். இத்தனை ஆண்டுகளில் அவர் தட்டிய ஒரு கட்டையையும் நான் மறுபடி தட்டியதில்லை. எவரும் கேட்கவில்லை என்று அவர் எழுதியிருந்தால், எவரும் கேட்கவில்லை.”

மண்டபத்தில் அறுபது பேர் இருந்திருப்பார்கள். கூட்டுறவின் இயக்குநர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். மதாம் கோலெத் திரும்பி என்னைத் தேடினார். கண்டார். நான் எழுந்திருக்க வேண்டிய நேரம் அது. ஒரு மூச்சளவு நேரம். மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மெல்ல அமர்ந்தார்.

அந்தக் கார்த்திகையோடு வண்டி நின்றது. என்னைப் பாரிசுக்கு அண்மையில் ஒரு பணிமனைக்கு மாற்றினார்கள். ரெமி அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். நான்கு ஆண்டுகளின் பின் காலமானார். அவரது இறுதிச் சடங்கில் முன்னாள் ஊழியர்கள் வரிசையாக நின்று ஒருவருக்கொருவர் கை கொடுத்தோம். என் கையைப் பற்றிய அவருடைய மகன், அப்பா உங்களைப் பற்றி அடிக்கடி சொல்வார் என்றான். என்ன சொல்வார் என்று நான் கேட்கவில்லை.

இந்தக் காலம் முழுவதும் நான் வாளாவிருந்தேன் என்று சொல்ல முடியாது. லாச்சப்பலில் ரூ பஜோல் என்ற தெருவிலுள்ள பிள்ளையார் சந்நிதியில் ஒவ்வொரு வெள்ளியும் நின்றேன். தேர் வீதிக்கு வரும் நாளில் அதன் முன் தேங்காய் உடைத்தேன். பொய் சொன்னேன் ஐயனே, பொறுத்தருள் என்று தமிழில், அழகிய சொற்களில், மனமுருக முறையிட்டேன். இறைவன் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. ஒரு பாதை செத்துவிட்டதே என்பதற்காகத்தான் அழுதேன். அதைத் தவிர வேறெதற்கும் அழ வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த வைகாசியில் தொலைபேசி ஒலித்தது.

“அண்ணை, சின்னராசா கதைக்கிறன். உங்கடை பாதையைக் கழட்டிற வேலை எங்கடை கொம்பனிக்குத்தான் கிடைச்சிருக்கு. வந்து பாக்கிறியளோ, இல்லாட்டி வேண்டாமோ?”

“வாறன்.”

அவன் இப்போது மேற்பார்வையாளன். தலை நரைத்திருந்தது. முள்ளும் புதரும் மூடிய தடத்தில் இயந்திரம் தண்டவாளத்தைத் தூக்கத் தூக்கக் கட்டைகள் வெளியே வந்தன. நடு நிலையத்தில் பக்கத்தடத்தைத் தூக்கியபோது, கட்டைகள் தண்ணீரில் ஊறிய பாண் துண்டுகள்போல் பிய்ந்து விழுந்தன. வளைவில் எங்கள் ஓக் கட்டைகள் முழுதாக வந்தன. அவற்றைத் தனியே அடுக்கினார்கள்.

“மதாம் இன்னும் அங்கைதான் இருக்கிறா அண்ணை,” என்றான் சின்னராசா, களஞ்சியத்தின் பக்கம் தலையை அசைத்து. “தராசிலை. கூட்டம் முடிஞ்ச கையோடை பொறுப்பிலையிருந்து எடுத்துப்போட்டினம். தெரியாதோ?”

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. விசாரித்ததும் இல்லை.

களஞ்சியத்தின் வாசலில், லொறிகளை நிறுக்கும் தராசின் பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை. அதற்குள் மதாம் கோலெத் இருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டார். அமரச் சொல்லவில்லை. நின்றபடியே, என் குறையுள்ள பிரெஞ்சில், ஒன்றும் விடாமல் சொன்னேன். நீங்கள் கேட்டீர்கள். கேட்கவில்லை என்று எழுதினேன். ரெமிக்குத் தெரியாது. கூட்டத்தில் எழுந்திருக்கவில்லை.

ஒரு லொறி வந்து நின்றது. அதை எடை பார்த்துச் சீட்டைக் கொடுத்து அனுப்பிய பின் அவர் பேசினார்.

“பாதை எப்படியும் போயிருக்கும் என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். போயிருக்கலாம். எனக்குத் தெரியாது. ரெமி பொய் சொல்லாதவர் என்று இந்த ஊருக்கே தெரியும். அதனால் பொய் சொன்னது நான்தான் என்றானது. மோல்ற் ஆலையைத் தவறவிட்டுவிட்டு, பழியைப் புகையிரதக்காரர்மீது போடப் பார்த்தேன் என்றார்கள். என் கணவரும் கேட்டார், உண்மையிலேயே கேட்டாயா, கேட்க நினைத்து மறந்துவிட்டாயா என்று. சில ஆண்டுகள் கழித்து எனக்கே நிச்சயமில்லாமல் போயிற்று. அந்த வயலில் சேற்றில் நின்றதை நான் கற்பனை செய்துகொண்டேனோ என்று.”

மன்னிப்புக் கேட்கும் பிரெஞ்சுச் சொல்லைச் சொன்னேன். கடையில் ஒருவர்மீது முட்டிக்கொண்டாலும் அதே சொல்லைத்தான் சொல்கிறோம்.

“எழுதித் தாருங்கள்,” என்றார்.

தராசுச் சீட்டு ஒன்றைப் புரட்டி, அதன் வெறும் பக்கத்தை என் பக்கம் நகர்த்தினார். எழுதினேன். நான்கு வரிகள். அவர் எடுத்து இரண்டு தடவை வாசித்தார். ஓரிடத்தில் என் எழுத்துப்பிழையைத் திருத்தினார்.

“திகதி போடவில்லை.”

இன்றைய திகதியா, அன்றைய திகதியா என்று கேட்டேன். அன்றைய திகதி எனக்கு நினைவில் இல்லை என்றும் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: கிழமை, நாள், மாதம், ஆண்டு, மதியம் பன்னிரண்டே கால். சொன்னபடியே எழுதிக் கையொப்பமிட்டேன். அவர் அதை மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். வெளியே அடுத்த லொறி தராசில் ஏறிக்கொண்டிருந்தது.